கடைசி பல்பு வரைக்கும் லைன்

போன மாதம் கூடலூரில், கரண்ட் ஆபீஸ் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ரிட்டயர் ஆன ஆளைக் கூப்பிட்டால் ஒரு துண்டு போர்த்துவார்கள், இரண்டு நல்ல வார்த்தை சொல்லச் சொல்வார்கள், டீ கொடுத்து அனுப்புவார்கள். எனக்கு நல்ல வார்த்தை சரளமாக வராது. மேஜைமேல் எல்லோருக்கும் ஒரு தாள் வைத்திருந்தார்கள். வேலையில் புழங்கும் இங்கிலீஷ் சொற்கள் ஒரு பக்கம், தமிழ் மறுபக்கம். அதில் ஏழாவதோ எட்டாவதோ வரியில் லைன் என்று போட்டு, எதிரே மின்கம்பி என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இதை எழுதியது யார் என்று சத்தமாகவே கேட்டேன். ஒரு பெண் எழுந்தார். உதவிப் பொறியாளர், வேலைக்கு வந்து இரண்டு வருடம் இருக்கும்.

"தப்புங்களா சார்?"

"தப்பு இல்லம்மா. பத்தாது."

எனக்கு அரை மணி நேரம் கொடுத்திருந்தார்கள். அதில் நான் பேசியது பாதி உளறல், பாதி திட்டு. பிறகு அந்தப் பெண்ணே போன் போட்டு, சொல்ல வந்ததை எழுதிக் கொடுங்கள் சார், அடுத்த வகுப்பில் தாளோடு சேர்த்துக் கொடுக்கிறேன் என்றார். அதனால் எழுதுகிறேன்.

நான் பிறந்ததே லைனில்தான். சேரம்பாடிப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் ஒரே கூரைக்குக் கீழே பன்னிரண்டு வீடு. ஒரு வீட்டில் இருமினால் பன்னிரண்டாவது வீட்டில் கேட்கும். அப்பாவும் அம்மாவும் சிலோனில் ஒரு லைனில் இருந்து கப்பலேறி வந்து இங்கே இன்னொரு லைனில் இறங்கினார்கள். காலையில் தண்ணீர்க் குழாயடியில் குடம் வைத்துக் காத்திருந்தால் அதுவும் லைன். பெரட்டுக்குப் போனால், அதாவது பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்குப் போனால், அங்கேயும் லைன் கட்டி நிற்க வேண்டும். எஸ்டேட் ஆபீசில் இருந்த ஒரே போனில் கிளார்க் ரிசீவரை நீட்டி, உங்க அக்கா லைன்ல இருக்கு என்பார். கொழுந்து பறிக்கிற பெண்கள் பின்னால் சுற்றுகிற பையன் லைன் போடுகிறான். டிரைவர் வேலைக்குப் போகிறவனை அந்த லைனில் போய்விட்டான் என்பார்கள். எங்கள் அம்மாவுக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்துத் தெரியாது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை இந்தச் சொல்லைச் சொல்வார். ஒரு தடவைகூட யாரும் அவரிடம் எந்த லைன் என்று திருப்பிக் கேட்டதில்லை. ஒரு சொல்லுக்கு ஒரு அர்த்தம்தான் இருக்க வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் ஆபீசுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பவர்கள்.

ஐ.டி.ஐ. முடித்தேன். கொஞ்ச நாள் தினக்கூலியாகக் குழி வெட்டினேன். பிறகு ஹெல்பர். பிறகு லைன்மேன். இதில் எழுத ஒன்றும் இல்லை, எல்லோரும் வந்த வழிதான். லைனிலேயே பெண் எடுத்தேன். என்னோடு வேலை பார்த்த ராஜப்பன், பந்தலூர்க்காரன், கல்யாணத்துக்கு வந்துவிட்டு, "லைன்ல பொறந்து, லைன் வேலைக்கு வந்து, லைன்லயே கெட்டியிருக்கான். இவன எடுத்து ரெண்டு போஸ்ட்டுக்கு நடுவுல கெட்டிவிட்டாக் கரண்டு போகும்" என்று ஊரெல்லாம் சொன்னான்.

எழுத வேண்டியது எங்கள் ஃபோர்மேன் போஜன் பற்றி. ஜெகதளாப் பக்கத்து ஆள், படுகர். எங்களுக்கு போஜண்ணன். குள்ளம். காதுவரை இழுத்துவிட்ட கம்பளிக் குல்லா. முப்பத்து நாலு வருடத்தில் எத்தனையோ மேலதிகாரிகளைப் பார்த்தேன். பாதிப் பேரிடம் சண்டை போட்டேன். மூன்று பேர் என்மேல் புகார் எழுதினார்கள். நான் எழுந்து நின்று பேசிய ஒரே ஆள் போஜண்ணன். அவர் நிற்கச் சொன்னதில்லை.

அவரிடம் சேர்ந்த முதல் வாரம், இந்த லைன் எத்தனை கிலோமீட்டர் அண்ணே என்று கேட்டேன். நோட்டைப் பார்த்து ஒரு நம்பர் சொல்வார் என்று நினைத்தேன். அவர் பஸ் ஏற்றிக் கூட்டிப் போனார். கடைசி டிரான்ஸ்ஃபார்மரில் இறங்கி, தேயிலைக்கு நடுவே நடந்து, ஒரு லைனின் கடைசி வீட்டு வாசலில் நின்றார். உள்ளே ஒரு அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தார். அடுப்புக்கு மேலே புகை படிந்த ஒரு பல்பு.

"லைன் இங்க முடியுதுங்க. இந்த பல்பு எரியுதான்னு கேக்காம நாம வேலைய முடிச்சோம்னு நோட்டுல எழுதக் கூடாது."

அந்த அம்மா யாருங்க என்று கேட்டதற்கு, கரண்ட் ஆபீசுங்க, சும்மா பார்க்க வந்தோம் என்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார்.

இனி வேலைமுறை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கம்பியில் கை வைக்கும் முன் சப்ஸ்டேஷனுக்குப் பேசி எல்.சி. வாங்க வேண்டும். லைன் கிளியர் என்பதன் சுருக்கம் அது. கரண்டை நிறுத்திவிட்டோம், நீங்கள் சொல்லும்வரை விடமாட்டோம் என்று அவர்கள் தருகிற வாக்கு. அதற்கு ஒரு நம்பர் உண்டு, நோட்டில் எழுத வேண்டும். பிறகு வழியில் இருக்கும் சுவிட்சின் கைப்பிடியை இறக்கிப் பூட்டிச் சாவியைப் பையில் போட வேண்டும். அதற்கப்புறமும் கம்பி செத்துவிட்டது என்று நம்பக் கூடாது. எர்த் ராடு போட வேண்டும். நீளமான கழி, நுனியில் கொக்கி, கொக்கியில் இருந்து தடித்த செப்பு வயர், வயரின் மறுமுனை நிலத்தில் அடித்த இரும்பு முளையில். மூன்று கம்பிக்கும் மூன்று, மூன்றும் சேர்ந்தது ஒரு செட். முதலில் முளை, பிறகு கொக்கி. கழற்றும்போது முதலில் கொக்கி, பிறகு முளை. மாற்றிச் செய்தவன் திரும்பி வந்து கதை சொன்னதில்லை. ராடு ஒழுங்காக இருந்தால், எங்கிருந்தோ கரண்ட் வந்தாலும் ஆளை விட்டுவிட்டு மண்ணுக்குப் போய்விடும்.

இது புத்தகத்தில் இருக்கிறது. வேலை செய்கிற இடத்துக்கு இரண்டு பக்கமும் ராடு போட வேண்டும் என்பதும் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் சப்ஸ்டேஷன் பக்கம் மட்டும் போட்டுவிட்டு ஏறிவிடுவார்கள். போஜண்ணன் விடமாட்டார். அதோடு அவர் சொந்தமாக இரண்டு வழக்கம் வைத்திருந்தார். கடைசி ராடைப் போட்டவன்தான் கம்பம் ஏற வேண்டும். இது ஒன்று. இன்னொன்று, ஏறு என்று யாரிடமும் சொல்லமாட்டார். அவரே கேட்பார், "ஏறலாங்களா?" என்று. நேற்று வந்த ஹெல்பரையும் அந்த ஒரு நிமிடம் மரியாதை கொடுத்துத்தான் கேட்பார். ஏறலாம் என்று நாம் வாய் திறந்து சொல்ல வேண்டும். தலையாட்டினால் போதாது, இன்னொரு தடவை கேட்பார்.

இப்போது அந்த நாள்.

ஆடி மாத மழை. செல்போன் எங்கள் மலைக்கு வராத காலம். சேரம்பாடிப் பக்கம் ஒரு எஸ்டேட், பேர் வேண்டாம். சில்வர் ஓக் மரம் ஒன்று சாய்ந்து மேல்லைன் கம்பி, அதாவது டிரான்ஸ்ஃபார்மர் வரை வருகிற உயர் அழுத்தக் கம்பி, அறுந்து மூன்று நாள். பாக்டரியில் கொழுந்து கெட்டுக்கொண்டிருந்தது. அதைவிட மோசம், லைன் வீடுகளுக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் நின்று மூன்று நாள். மழை கொட்டுகிறது, குடிக்கத் தண்ணீர் இல்லை. நான்காம் நாள் காலையில்தான் ரோடு திறந்து நாங்கள் போய்ச் சேர்ந்தோம். போஜண்ணன், ராஜப்பன், நான். மூன்று பேர்.

மரத்தை வெட்டி ஒதுக்க மத்தியானம் ஆகிவிட்டது. அதற்குள் லைனில் இருந்து முப்பது நாற்பது பேர் வந்து நின்றுவிட்டார்கள். முன்னால் காமாட்சி அக்கா. சிலோனில் பிறந்தவர். அவர் வாய்க்கு எஸ்டேட் மேனேஜரே வழி விடுவார். எல்.சி. வாங்கியிருந்தோம். சுவிட்சைப் பூட்டியாகிவிட்டது. சப்ஸ்டேஷன் பக்கம் ராஜப்பன் ராடு போட்டுவிட்டான். மறுபக்க ராடை என்னிடம் கொடுத்து, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இரண்டாவது கம்பத்தில் போட்டு வரச் சொன்னார் போஜண்ணன். அதற்கு அப்பால் பாக்டரி டிரான்ஸ்ஃபார்மர். அதோடு லைன் முடிகிறது.

நான் வழக்கம்போல எகிறினேன். வால் பக்கம் கரண்ட் எங்கிருந்து வரும், அங்கே என்ன சப்ஸ்டேஷனா இருக்கிறது, ஜனம் தண்ணியில்லாமல் சாகிறது, ஒரு மணி நேரம் வீண் என்று. அவர் ராடை நீட்டிக்கொண்டே நின்றார். பிடுங்கிக்கொண்டு போனேன்.

மேகம் இறங்கியிருந்தது. இருபதடி தாண்டினால் ஆள் தெரியாது. தேயிலை முடிந்து சோலை தொடங்குகிற இடத்தில் பள்ளம். உள்ளே சேறும் ஓடையும். விளிம்பில் ஒரு பாறை, அதன்மேல் மரக்கிளை கவிந்து மழை விழாமல் இருந்தது. அங்கே உட்கார்ந்தேன். காரணம் எதுவும் சொல்லப்போவதில்லை. யானை இல்லை, காட்டி என்கிற காட்டெருமை இல்லை, பயம் இல்லை. கொழுப்பு, சோம்பேறித்தனம், எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. ஒரு பீடி முழுக்கக் குடித்தேன். போய்வருகிற நேரம் ஆகட்டும் என்று காத்திருந்தேன். ராடைத் தேயிலைக்குள் தள்ளி மறைத்துவிட்டு மேலே ஏறி வந்தேன்.

"போட்டாச்சுண்ணே."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார். நான் பெல்ட்டை இடுப்பில் கட்டினேன். அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏறலாங்களா?"

வாயில் இருந்து சொல் வரவில்லை. எத்தனையோ பொய் சொன்னவன்தான். அந்தப் பொய்யும் சொல்லியாகிவிட்டது. இன்னும் ஒரு சொல்தான் பாக்கி. அதைச் சொன்னால் ஏறப்போகிறவன் நான். கம்பியைப் பிடிக்கப்போவது என் கை. கரண்ட் வராது என்று எனக்கு நிச்சயம். அந்த நிச்சயத்தோடும் சொல்ல முடியவில்லை.

காமாட்சி அக்கா பொறுமை இழந்துவிட்டார். "மூணு நாளா புள்ளைங்களுக்கு வாய் நனைக்கத் தண்ணி இல்ல. கெதியா ஏறுங்கப்பா. கம்பத்தடியில நின்னு கல்யாணமா பேசுறீங்க?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ராஜப்பன் பல்லைக் கடித்தபடி, "எடா, சொல்லித் தொலைடா" என்றான். போஜண்ணன் இரண்டாவது தடவை அதே குரலில் கேட்டார்.

"ஏறலாங்களா?"

"இருங்கண்ணே. ஒரு தடவ பாத்துட்டு வர்றேன்."

"பாத்துட்டு வாங்க."

பெல்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினேன். பின்னால் திட்டு மழையை விடப் பலமாகக் கேட்டது. தேயிலைக்குள் இருந்து ராடை எடுத்தேன். பள்ளத்தில் இறங்கினேன், முழங்கால்வரை சேறு, ஓடையைத் தாண்டினேன், அந்தப் பக்கம் ஏறினேன். முளையை அடித்து, ஒவ்வொரு கொக்கியாக மாட்டி, மூன்றையும் இழுத்துப் பார்த்தேன். மூச்சு வாங்க மேலே வந்து சேர அரை மணிக்கு மேல் ஆகிவிட்டது.

போஜண்ணன் மறுபடியும் காலைத்தான் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். இரண்டு காலிலும் அட்டை. முழங்காலுக்குக் கீழே பத்துப் பதினைந்து இருக்கும், ரத்தம் குடித்து உப்பிப்போய். அந்தப் பள்ளத்தில் மழைநாளில் இறங்கியவன் எவனும் அட்டை ஏறாமல் வரமுடியாது. முதல் தடவை வந்து நின்றபோது என் காலில் ஒன்றுகூட இல்லை. அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

ஃபோர்மேன், என்னைவிட இருபது வயது மூத்தவர், அந்தச் சேற்றில் குந்தி உட்கார்ந்தார். மடியில் இருந்து சுண்ணாம்பு டப்பாவை எடுத்து, ஒவ்வொரு அட்டையாகச் சுண்ணாம்பு தொட்டு வைத்து உதிரவிட்டார். நான் வேண்டாம் அண்ணே என்று காலை இழுத்தேன். விடவில்லை. எல்லாம் உதிர்ந்த பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப கேக்கறேன். ஏறலாங்களா?"

"ஏறலாம்ணே."

ஏறினேன். அறுந்த கம்பியைக் கீழிருந்து ராஜப்பன் கயிற்றில் இழுத்துக் கொடுத்தான். கையில் வாங்கி, முனையை மடித்து, ஜாயிண்ட் போட்டு முறுக்கினேன். இரண்டு கையாலும் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தேன். கால் மணி நேரம் இருக்கும்.

பள்ளத்துக்கு அந்தப் பக்கம் துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். மேகத்துக்குள் நீலமாக ஒரு வெட்டு. கீழே பெண்கள் அலறினார்கள். என் கையில் ஒன்றும் இல்லை. கம்பி ஒரு தடவை சிலிர்த்தது, அவ்வளவுதான்.

"கைய எடுத்துட்டு மெதுவா இறங்குங்க," என்றார் போஜண்ணன். அவர் குரல் மாறவில்லை. கம்பத்தடிக்கு வந்ததும் என்னை ராஜப்பன் பிடித்துக்கொண்டான்.

மூன்று பேரும் பள்ளத்தைத் தாண்டிப் போனோம். டிரான்ஸ்ஃபார்மரின் ஃபியூஸ் வெடித்துத் தொங்கியது. நான் போட்ட ராடின் மூன்று கொக்கியும் கருகியிருந்தன. முளையைச் சுற்றி மண்ணில் ஆவி. அங்கே நின்று பார்க்கும்போதுதான் எல்லாம் புரிந்தது. கரண்ட் வால் பக்கத்தில் இருந்துதான் வந்திருக்கிறது. பாக்டரி ஜெனரேட்டர். டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத் திரும்பி, மேல்லைன் அளவுக்கு ஏறி, நான் பிடித்திருந்த கம்பிக்கு வந்திருக்கிறது. ராடு இல்லாவிட்டால் மண்ணுக்குப் பதிலாக நான்.

எனக்குப் பயம் போய் வெறி வந்துவிட்டது. பாக்டரிக்கு ஓடினேன். எலக்ட்ரீஷியன் தர்மலிங்கம் நின்றுபோன ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் விழித்துக்கொண்டு நின்றான். எனக்குத் தெரிந்தவன்தான், எங்களுக்கு அடுத்த லைன். சட்டையைப் பிடித்து அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன். அவன் தடுக்கவில்லை.

"தண்ணி ஏத்தத்தான்டா போட்டேன். காலையில காமாட்சி அக்கா வந்து காறித் துப்பிட்டுப் போச்சு. ஜெனரேட்டருக்கு மாத்துற சுவிட்சு கெட்டுக் கெடக்கு, நேரா போர்டுல குடுத்தேன்."

"வெளி லைன்லருந்து வர்ற மெயின இறக்கினியா?"

"செத்த லைன்தானேடா. அதுல எங்கருந்து கரண்டு வரப்போவுது, எதுக்கு இறக்கணும்னு நெனச்சேன்."

ஓங்கிய கை அப்படியே நின்றது. இரண்டு மணி நேரம் முன்னால் நான் போஜண்ணனிடம் கத்தியது இதே பேச்சு. அவன் அந்த முனையில் இருந்து சொன்னான், நான் இந்த முனையில் இருந்து. கையை இறக்கிவிட்டேன். சட்டையையும் விட்டுவிட்டேன்.

போஜண்ணன் உள்ளே வந்தார். தர்மலிங்கத்திடம் ஜெனரேட்டரைத் தொடக் கூடாது என்றார். மெயினை அவனையே இறக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்தார். மறுபடி கம்பத்துக்குப் போய் மிச்ச வேலையை முடித்தோம். ஃபியூஸ் மாற்றினோம். ஏறும் முன் மறுபடியும் கேட்டார். நான் மறுபடியும் சொன்னேன். ராடு இரண்டையும் கழற்றினோம். பள்ளத்துப் பக்கத்து ராடைக் கழற்ற நானே போனேன், யாரும் சொல்லாமல்.

எல்.சி.யைத் திருப்பிக் கொடுக்க எஸ்டேட் ஆபீஸ் போனுக்கு வந்தோம். தர்மலிங்கமும் வந்தான். போஜண்ணன் நோட்டைத் திறந்து, நம்பர், நேரம், வேலை எல்லாம் எழுதினார். பாதிப் பக்கம் வெறுமையாக விட்டுப் பேனாவை மேஜைமேல் வைத்தார்.

"நடந்தது எழுதணுங்க. நானே எழுதட்டுமா, அவங்கவங்க எழுதறீங்களா?"

அவர் எழுதியிருந்தால் ராடு போட நேரமானது என்று ஒரு வரியில் முடித்திருப்பார் என்று தோன்றியது. இல்லை, அப்படி எழுதமாட்டார் என்றும் தோன்றியது. இன்றுவரை எனக்குத் தெரியாது. நோட்டு மேலிடத்துக்குப் போனால் எனக்கு மெமோ, வேலையே கேள்விக்குறி. தர்மலிங்கத்துக்கும் அப்படித்தான். ராஜப்பன் என் முழங்கையைத் தொட்டான், வேண்டாம் என்று.

நான் பேனாவை எடுத்தேன். முதல் தடவை ராடு போடாமலே போட்டதாகச் சொன்னேன், ஃபோர்மேன் கேட்ட பிறகு போய்ப் போட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் எழுத்து எப்போதுமே கோழி கிறுக்கியது போல இருக்கும். அன்று இன்னும் மோசம். பேனாவைத் தர்மலிங்கம் கேட்டு வாங்கினான். அவனுக்கு எழுத நேரமானது. என் வரிக்குக் கீழேயே எழுதினான்.

போஜண்ணன் இரண்டையும் விரல் வைத்துப் படித்தார். ஒன்றும் திருத்தவில்லை. கீழே அவர் கையெழுத்தைப் போட்டார். பிறகு போனை எடுத்து சப்ஸ்டேஷனைக் கூப்பிட்டு, எங்களைத் திரும்பிப் பார்த்து, விரலால் ஒவ்வொருவராக எண்ணினார்.

"ஆள் மூணு. மூணு பேரும் தரையில இருக்கறாங்க. ராடு ரெண்டு செட்டு. ரெண்டும் கையில இருக்குது. லைன் விடலாங்க."

ரிசீவரை வைக்கவில்லை. காதில் வைத்தபடியே ஜன்னல் பக்கம் திரும்பினார். மேகத்துக்குள் முதலில் ஒரு மஞ்சள் புள்ளி, பிறகு வரிசையாகப் பன்னிரண்டு. மோட்டார் உறுமுகிற சத்தம். லைனில் இருந்து பெரிய கூச்சல் கிளம்பி மேலே வந்தது. காமாட்சி அக்கா குரல் தனியாகக் கேட்டது, யாரையோ குடத்தை எடுத்து வரச் சொல்லித் திட்டிக்கொண்டு.

"எரியுதுங்க," என்று போனில் சொல்லிவிட்டு, போஜண்ணன் ரிசீவரை வைத்தார்.